ரோட்டாவைரஸ் செல்லில் ஏற மறுக்கிறதா? வெளியுறையை அறிகுறி பார்த்துச் சோதிக்கும் வழி

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டாவைரஸை வளர்க்கும் ஆய்வகங்களில் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்றுதான்: “வைரஸ் நிறைய இருக்கு, ஆனா செல்லுல ஏறவே மாட்டேங்குது.” உடனே செல்லைச் சந்தேகிக்கிறார்கள், புது ஸ்டாக் (வளர்த்துச் சேமித்த வைரஸ்) கேட்கிறார்கள், சிலர் ஜீனோமை வரிசைப்படுத்தவே அனுப்பிவிடுகிறார்கள். இந்தப் புகாரைப் பலமுறை சரிசெய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இது: சிக்கல் பெரும்பாலும் வெளியுறையில், அதாவது விபி4, விபி7 என்ற இரண்டு புரதங்களில்தான் இருக்கிறது. அதிலும் முக்கால்வாசி, புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினோ கால்சியமோ சரியில்லாத சிக்கல். இரண்டும் மலிவானவை, ஒரே நாளில் சோதித்துவிடலாம்.

தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். முழு வைரஸுக்கு மூன்று உறைகள். உள்ளே விபி2, நடுவில் விபி6, வெளியே விபி7. விபி7 உறையைத் துளைத்துக்கொண்டு 60 முட்கள் நீட்டி நிற்கும், அவை விபி4. விபி7 மும்மூன்றாகச் சேர்ந்து நிற்பதற்குக் கால்சியம் வேண்டும். விபி4 தன் வேலையைச் செய்வதற்கு டிரிப்சின் அதை விபி8*, விபி5* என்று இரண்டாக வெட்ட வேண்டும். விபி8* செல்லின் மேற்பரப்பைப் பிடிக்கிறது, விபி5* சவ்வைத் துளைக்கிறது. கால்சியம் போனால் விபி7 கழன்றுவிடும், முள்ளும் கூடவே போய்விடும். மிஞ்சும் ஈருறைத் துகள் உள்ளே எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் வெளியிலிருந்து செல்லைத் தொற்றாது.

## எந்த அறிகுறியானாலும் முதலில்

நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு ஸ்ட்ரெயினை (வைரஸ் வகையை), குரங்கிலிருந்து வந்த ஆர்ஆர்வி அல்லது எஸ்ஏ11-ஐ, ஒப்பீட்டுக்கு அதே தட்டில் ஓட்டுங்கள். செல் எம்ஏ104, அதாவது குரங்குச் சிறுநீரகச் செல்வரிசை. அதே மீடியம், அதே டிரிப்சின், அதே நாள்.

ஒப்பீட்டு வைரஸும் தொற்றவில்லை என்றால் கோளாறு உங்கள் வைரஸில் இல்லை. செல், டிரிப்சின், மீடியம், ஆன்டிபாடி ஆகியவற்றில் ஒன்று கெட்டிருக்கிறது. செல்லில் மைக்கோபிளாஸ்மா இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். ஒப்பீட்டு வைரஸ் தொற்றுகிறது, உங்களுடையது மட்டும் தொற்றவில்லை என்றால் கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

## அறிகுறி: எலைசாவிலும் பிசிஆரிலும் ஏராளம், செல்லில் ஒன்றுமில்லை

அதிகம் வருவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகவே போகலாம்.

ஆன்டிபாடியால் வைரஸ் புரதத்தை அளக்கும் எலைசா பெரும்பாலும் விபி6-ஐப் பிடிக்கிறது. வெளியுறை இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. உதிர்ந்து கிடக்கும் விபி6-ஐக்கூட அது எண்ணும். வைரஸின் ஆர்என்ஏவை அளக்கும் பிசிஆரும் அப்படியே. முழு வைரஸ், ஈருறைத் துகள், செல்லுக்குள் உருவான வைரஸின் எம்ஆர்என்ஏ எல்லாம் ஒரே கணக்கில் விழும். ஆகவே இந்த இரண்டு எண்களும் உயரமாக இருப்பதை வைத்து “வைரஸ் நன்றாக இருக்கிறது” என்று முடிவு கட்ட வேண்டாம்.

### டிரிப்சின் வெட்டியதா?

ஒரே ஸ்டாக்கை மூன்று குழாய்களில் பிரியுங்கள். ஒன்றில் டிரிப்சின் வேண்டாம். இரண்டாவதில் மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், மூன்றாவதில் 20. மூன்றையும் 37 டிகிரியில் 30 முதல் 60 நிமிடம் வைத்து, படிப்படியாக நீர்த்து, சீரம் இல்லாத மீடியத்தில் செல்லில் விடுங்கள். 16 முதல் 18 மணி நேரம் கழித்து செல்லை நிலைப்படுத்தி, விபி6 ஆன்டிபாடி போட்டு ஒளிரும் செல்களை எண்ணுங்கள்.

டிரிப்சின் போட்டதில் எண்ணிக்கை பல மடங்கு கூடினால் வெளியுறை இருக்கிறது, இதுவரை வெட்டப்படாமல் இருந்தது, அவ்வளவுதான். அளவைத் திருத்திக்கொண்டு வேலையைத் தொடரலாம்.

மூன்றிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் இரண்டு வாய்ப்புகள்: டிரிப்சினே செத்திருக்கலாம், அல்லது வெட்டுவதற்கு முள்ளே இல்லாமல் இருக்கலாம்.

டிரிப்சினைச் சோதிக்க விலை உயர்ந்த கிட் வேண்டாம். கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்த அகார் தட்டில் ஒரு துளி வைத்து 37 டிகிரியில் விடுங்கள். துளியைச் சுற்றித் தெளிந்த வளையம் வந்தால் உயிர் இருக்கிறது. புதிதாக வந்த டிரிப்சினையும் பக்கத்திலேயே ஒரு துளி வைத்தால் இரண்டின் வளையத்தையும் ஒப்பிடலாம். டிரிப்சின் தன்னைத் தானே தின்னும் நொதி. நடுநிலை பிஎச்சில், வெதுவெதுப்பில் கிடந்தால் சீக்கிரம் பலமிழக்கும். நீர்த்த அமிலத்தில், அதாவது 1 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, சிறு பங்குகளாக உறைய வைத்து, ஒரு பங்கை ஒரு முறை மட்டும் பயன்படுத்துவதே நல்லது. பலர் கைபடும் பொதுக் குழாய் ஃப்ரிட்ஜில் இருந்தால் முதலில் அதைத்தான் நான் சந்தேகிப்பேன்.

### சீரம் எங்காவது ஒட்டியிருக்கிறதா?

சீரத்தில் டிரிப்சினைக் கட்டிப்போடும் புரதங்கள் இருக்கின்றன. செல் வளர்த்த மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு நேரடியாக வைரஸை ஊற்றினால், அடியில் தங்கிய சீரமே டிரிப்சினை அடக்கிவிடும். சீரம் இல்லாத மீடியத்தால் இரண்டு முறை கழுவுங்கள். அவசரத்தில் ஒரு முறையோடு நிறுத்திக்கொள்வதுதான் வழக்கமான தவறு.

இன்னொரு விஷயமும் உண்டு. மாடுகளுக்கும் ரோட்டாவைரஸ் வரும். அதனால் கன்று சீரத்தில் வைரஸை முடக்கும் ஆன்டிபாடி இருக்கக்கூடும். வைரஸ் ஸ்டாக்கையே சீரம் கலந்த மீடியத்தில் எடுத்து வைத்திருந்தால் டிரிப்சினை எவ்வளவு கூட்டினாலும் முழுப் பலன் வராது. சீரம் இல்லாமல் ஒரு புது ஸ்டாக் வளர்த்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

### கால்சியத்தை யாராவது பிடுங்கினார்களா?

செல்லைத் தட்டிலிருந்து கிளப்பப் பயன்படுத்தும் டிரிப்சின் பாட்டிலில், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சேர்ந்தே வரும். அதையே வைரஸுக்கும் போடுகிறவர்கள் உண்டு. இதில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம். மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம் உள்ள பாட்டிலிலிருந்து 10 மைக்ரோகிராம் அளவுக்கு வந்தால் 250 மடங்கு நீர்த்துவிடுகிறது. செல் வளர்க்கும் சாதாரண டிஎம்இஎம் மீடியத்தில் 1.8 மில்லிமோலார் கால்சியம் இருக்கிறது, அதன்முன் மிஞ்சும் இடிடிஏ ஒன்றும் செய்யாது. ஆபத்து எங்கே என்றால், கால்சியம் இல்லாத பஃபரில் இருக்கும் சுத்தமான வைரஸில் போடும்போதும், நீர்க்காமல் ஊற்றும்போதும்தான். எப்படியானாலும் வைரஸுக்கென்று இடிடிஏ இல்லாத டிரிப்சின் தனியே வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கே தேவைப்படாது.

பாஸ்பேட் பஃபரையும் கவனியுங்கள். வழக்கமான பிபிஎஸ்ஸில் கால்சியம் கிடையாது. அதில் டயாலிசிஸ் செய்து இரவு முழுக்க விட்ட ஸ்டாக் காலையில் எலைசாவில் அட்டகாசமாக இருக்கும், செல்லில் பூஜ்ஜியமாக இருக்கும். டிரிஸ், உப்பு, 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்ந்த பஃபருக்கு மாறுங்கள்.

கால்சியத்தைப் பின்னால் சேர்த்தால் கழன்ற உறை தானாக ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பார்கள். நடைமுறையில் அதை நம்ப வேண்டாம். அந்த ஸ்டாக்கை ஈருறைத் துகள் என்று பெயர் எழுதி வைத்துவிடுங்கள், வேறு சோதனைக்குக் கைகொடுக்கும்.

### எப்போது நிபுணரிடம் போவது

டிரிப்சின் புதிது, சீரம் இல்லை, கால்சியம் இருக்கிறது, அப்படியும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும் மையத்துக்கு ஒரு சொட்டு அனுப்புங்கள். நெகட்டிவ் ஸ்டெயினில் முழு வைரஸின் விளிம்பு வழவழப்பாக, தெளிவாகத் தெரியும். ஈருறைத் துகள் சற்றுச் சிறியது, விளிம்பு சொரசொரப்பாக இருக்கும். நூறு துகள்களை எண்ணி எத்தனை எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். வெறும் படம் மட்டும் வாங்கி வந்தால், கண்ணுக்கு அழகாகத் தெரிந்த ஒரே துகளைப் பார்த்து எல்லாமே சரி என்று நினைத்துவிடுவோம்.

## அறிகுறி: ஒளிரும் செல்கள் வருகின்றன, பிளாக் வரவில்லை

பிளாக் என்பது வைரஸ் பரவிச் செல்களைக் கொன்ற இடத்தில் வரும் தெளிந்த புள்ளி. அது வரவில்லை என்றால் முதல் சுற்றுத் தொற்று நன்றாக நடக்கிறது, பரவவில்லை என்று அர்த்தம். எம்ஏ104 செல்லிலிருந்து வெளிவரும் புது வைரஸின் முள் வெட்டப்படாமலேயே வரும். அடுத்த செல்லில் ஏற அதற்கு வெளியே டிரிப்சின் வேண்டும்.

மேலே ஊற்றும் அகரோஸ் கலவையில் மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம் டிரிப்சின் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அகரோஸ் சூடாக இருக்கும்போது டிரிப்சினைச் சேர்த்தீர்களா என்று யோசியுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். கலவையில் பழக்கதோஷத்தில் சீரம் சேர்த்திருந்தால் அதை நீக்குங்கள்.

இவை மூன்றும் சரி என்றால் இன்னும் இரண்டு நாள் காத்திருங்கள். எல்லா ஸ்ட்ரெயினும் ஒரே வேகத்தில் பிளாக் போடாது, சிலது பிளாக்கே போடாது. அப்படிப்பட்டவற்றுக்கு ஒளிரும் செல்களை எண்ணும் முறையே போதும், பிளாக்கை வற்புறுத்த வேண்டியதில்லை.

## அறிகுறி: வைரஸ் இல்லாத கிணற்றிலும் செல் கழன்று மிதக்கிறது

இது டிரிப்சின் மிகுதி. வைரஸின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். வைரஸ் போடாத, டிரிப்சின் மட்டும் போட்ட ஒரு கிணறு (தட்டிலுள்ள குழி) எப்போதும் தட்டில் இருக்கட்டும். அதுவும் கழன்றால் அளவைப் பாதியாக்குங்கள். புதுப் பாட்டில் திறந்த வாரத்தில் இது அதிகம் நடக்கும், ஏனென்றால் பழைய பலவீனமான டிரிப்சினுக்குப் பழகிய அளவையே புதியதற்கும் போட்டிருப்போம்.

வைரஸைச் செயலூட்ட, அதாவது டிரிப்சினால் முள்ளை வெட்டித் தயாராக்க, ஒரு அளவு; செல்லின் மேல் பரவலுக்கு விடும் மீடியத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. இரண்டையும் குழப்பிக்கொள்வதே பாதிச் சிக்கலுக்குக் காரணம். செயலூட்டிய வைரஸை நீர்க்காமல் செல்லில் ஊற்றினாலும் இதே விளைவுதான்.

## அறிகுறி: பிரீசரிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் டைட்டர் சரிகிறது

டைட்டர் என்பது தொற்றும் வைரஸின் அளவு. அது சரிய எளிய காரணம், ஒரே குழாயை மீண்டும் மீண்டும் உருக்கி உறைய வைப்பது. செல்லை உடைத்து வைரஸை வெளியே எடுக்கத் தொடக்கத்தில் இரண்டு மூன்று முறை உறைய வைத்து உருக்குவது வழக்கம்தான். அதோடு நிறுத்திச் சிறு பங்குகளாக மைனஸ் 80-இல் வையுங்கள்.

அடுத்தது, டிரிப்சின் போட்ட பிறகு ஸ்டாக்கை உறைய வைப்பது. டிரிப்சின் தன் வெட்டை முடித்துக்கொண்டு ஒதுங்குவதில்லை. ஒவ்வொரு முறை உருகும்போதும் தொடர்ந்து வெட்டும். ஸ்டாக்கைச் செயலூட்டாமல் சேமித்து, சோதனை நாளன்று மட்டும் செயலூட்டுவது பாதுகாப்பு. செயலூட்டியதைக் கட்டாயம் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் டிரிப்சினை ஒரு தடுப்பானால் நிறுத்திய பிறகு வையுங்கள்.

மூன்றாவது காரணம் பாசேஜ் வரலாறு, அதாவது வைரஸைப் புதுச் செல்லுக்கு மாற்றி மாற்றி வளர்த்த வரலாறு. ஒவ்வொரு பாசேஜிலும் அளவுக்கு மிஞ்சிய வைரஸைச் செல்லில் கொட்டி வளர்த்தால், ஜீனோம் துண்டுகள் மறுசீரமைந்த வைரஸ்கள் தலையெடுக்கும். வெளியுறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அறிகுறி ஒன்றுபோல இருக்கும். ஆர்என்ஏவை எடுத்து ஜெல்லில் ஓட்டினால் 11 துண்டுகளும் தங்கள் இடத்தில் நிற்கின்றனவா என்று அன்றே தெரிந்துவிடும். இடம் மாறியிருந்தால் பழைய விதை ஸ்டாக்குக்குத் திரும்பி, குறைந்த வைரஸில் தொடங்குங்கள்.

## அறிகுறி: சீசியம் குளோரைடில் ஒரே ஒரு பட்டை

சீசியம் குளோரைடில் வேகமாகச் சுழற்றினால் துகள்கள் அடர்த்திக்கேற்பப் பட்டையாக நிற்கும். வந்த ஒரே பட்டை எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். முழு வைரஸ் கன சென்டிமீட்டருக்கு 1.36 கிராம் அடர்த்தியில் நிற்கும், ஈருறைத் துகள் 1.38-இல் நிற்கும், அதாவது கீழே. வித்தியாசம் சிறிது. ஒற்றைப் பட்டை மட்டும் இருக்கும்போது கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பட்டையை எடுத்து ஒளிவிலகல் எண்ணைப் பாருங்கள், அதிலிருந்து அடர்த்தி கிடைக்கும்.

கீழ்ப் பட்டை மட்டும் வந்தால் வழியில் எங்கோ கால்சியம் போயிருக்கிறது. வைரஸைக் கரைத்த பஃபர், சுக்ரோஸ் மெத்தை, சீசியம் குளோரைடு கரைசல் ஆகிய எல்லாவற்றிலும் கால்சியம் குளோரைடு இருக்க வேண்டும். பொதுவாக மறந்துபோவது சுக்ரோஸில். அப்புறம், கால்சியம் சேர்த்த கரைசலைப் பாஸ்பேட் பஃபரில் செய்தீர்களா என்றும் பாருங்கள். பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும், கால்சியம் கரைசலில் இருக்காது. டிரிஸ் பஃபருக்கு மாறுவதுதான் தீர்வு.

எல்லாக் கரைசலிலும் கால்சியம் இருக்கிறது, அப்படியும் கீழ்ப் பட்டைதான் தடித்து வருகிறது என்றால், வைரஸ் பின்னால் உறை இழக்காமல், தொடக்கத்திலேயே முழுமையடையாமல் இருந்திருக்கலாம். வெளியுறை செல்லின் எண்டோபிளாச வலைக்குள் சேர்கிறது, அதற்கும் அங்கே கால்சியம் வேண்டும். செல்லில் கால்சியத்தைக் குலைக்கும் மருந்து ஏதாவது, தாப்சிகார்ஜின் போன்றது, சோதனையில் இருந்ததா? இல்லை என்றால் அறுவடை நேரத்தைத் தள்ளிப் பாருங்கள். சீக்கிரம் எடுத்தால் முடிக்கப்படாத துகள்கள் அதிகம் இருக்கும்.

மேல் பட்டையும் வந்து, அது 1.36-இலும் நின்று, அப்படியும் தொற்றவில்லை என்றால் புரத ஜெல் ஓட்டுங்கள். விபி7 சுமார் 37 கிலோடால்டன், விபி6 சுமார் 45. வெட்டாத விபி4 சுமார் 88-இல் இருக்கும். டிரிப்சினுக்குப் பிறகு அது 60-இல் விபி5* ஆகவும், 28-இல் விபி8* ஆகவும் பிரியும். முள் குறைவாக இருப்பதால் சாதாரணச் சாயத்தில் மங்கலாகவே தெரியும், வெஸ்டர்ன் பிளாட் போட்டால் சந்தேகம் தீரும். 88 அப்படியே நின்றால் டிரிப்சின் பகுதிக்குத் திரும்பிப் போங்கள். 60, 28 ஆகியவற்றோடு இன்னும் சிறு துண்டுகள் சிதறித் தெரிந்தால் டிரிப்சின் கூடிவிட்டது.

## அறிகுறி: ஒட்டுகிறது, உள்ளே போகவில்லை

இந்த அறிகுறியை நிறையப் பேர் தவறாகப் படிக்கிறார்கள். வைரஸ் செல்லில் ஒட்டுவதைப் பார்த்ததும் வெளியுறை சரி என்று கடந்துவிடுகிறார்கள். வெட்டப்படாத விபி4-உம் செல்லில் ஒட்டும். துளைக்கத்தான் வராது.

சோதனை எளிது. வைரஸைச் செல்லின் மேல் 4 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுங்கள். அந்தக் குளிரில் ஒட்டும், உள்ளே போகாது. நன்றாகக் கழுவி, ஒரு தட்டை அப்போதே எடுத்துப் பிசிஆரில் ஒட்டியதை அளந்துகொள்ளுங்கள். மற்ற தட்டுகளை 37 டிகிரிக்கு மாற்றி, 0, 5, 15, 30, 60 நிமிடங்களில் கால்சியத்தைப் பிடுங்கும் இஜிடிஏ போட்டுக் கழுவுங்கள். வெளியே நிற்கும் வைரஸின் உறை அதில் கழன்றுவிடும், உள்ளே போனது தப்பிக்கும். அப்புறம் வழக்கம்போல இரவு முழுக்க விட்டு ஒளிரும் செல்களை எண்ணுங்கள். ஆர்ஆர்வி சில நிமிடங்களிலேயே உள்ளே போக ஆரம்பித்துவிடும், அதை ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

இப்போது கிளைகள்:

ஒட்டியதே குறைவு. கோளாறு விபி8* பக்கம். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

ஒட்டியது சரி, எவ்வளவு நேரமானாலும் உள்ளே போவது குறைவு, டிரிப்சின் கூட்டினால் சரியாகிறது. வெட்டு முழுமையாக நடக்கவில்லை. விபி4-இல் டிரிப்சின் வெட்டும் இடங்கள் மூன்று, 231, 241, 247-ஆம் இடங்களில் உள்ள ஆர்ஜினின்கள். தொற்றுத்திறனுக்கு மிக முக்கியமானது 247. வைரஸைச் செயலூட்டும் நேரத்தைக் கூட்டுங்கள்.

ஒட்டியது சரி, வெட்டும் சரி, அப்படியும் உள்ளே போகவில்லை. விபி5*-இன் நுனியில் நீரை வெறுக்கும் வளையங்கள் இருக்கின்றன, அவைதான் சவ்வில் இறங்குபவை. அங்கே ஒரு மாற்றம் வந்தால் வைரஸ் ஒட்டும், வெட்டுப்படும், நுழையாது. உதாரணமாக ஆர்ஆர்வி-யில் 391-ஆம் இடத்து வேலினை அஸ்பார்டிக் அமிலமாக மாற்றினால் நுழைவு குலைகிறது. நான்காவது ஜீனோம் துண்டை வரிசைப்படுத்த அனுப்ப வேண்டிய கட்டம் இதுதான், அதற்கு முன் இல்லை.

உள்ளே போகிறது, மிகவும் தாமதமாக. செல் வைரஸை உள்ளிழுக்கும் பைதான் எண்டோசோம்; எல்லா ஸ்ட்ரெயினும் அதன் ஒரே நிலையிலிருந்து வெளியேறுவதில்லை. ஆர்ஆர்வி முன்நிலை எண்டோசோமிலிருந்தே வெளியேறுகிறது, வேறு பல ஸ்ட்ரெயின்கள் பின்நிலை எண்டோசோம் வரை போகின்றன. தாமதம் மட்டுமே உங்கள் அறிகுறி என்றால் அது கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். நேர அட்டவணையை நீட்டுங்கள்.

சவ்வு துளைக்கப்பட்டதா என்று நேரடியாக அறிய ஆல்பா சார்சின் என்ற நச்சைக் கூடவே விடும் முறை உண்டு. வைரஸ் சவ்வைத் திறந்தால் நச்சும் உள்ளே போய்ச் செல்லின் புரத உற்பத்தியை நிறுத்திவிடும். நல்ல சோதனை, ஆனால் நச்சு கையாளும் பழக்கமும் கதிரியக்க அமினோ அமிலம் அல்லது அதற்கு மாற்று முறையும் வேண்டும். பழகிய ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யுங்கள்.

### உள்ளுறை நன்றாக இருக்கிறதா என்று தனியே பார்க்க

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது, ஏனென்றால் பழியை இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடும். வைரஸை இடிடிஏ-வால் வேண்டுமென்றே உரித்து ஈருறைத் துகளாக்குங்கள். டிஎன்ஏ ஏற்றும் லிப்பிட் கலவையோடு சேர்த்துச் செல்லுக்குள் தள்ளுங்கள். வெளியுறையின் வேலையை லிப்பிட் செய்துவிடும். செல்கள் ஒளிர்ந்தால் உள்ளே இருக்கும் பாலிமரேஸ், ஜீனோம் எல்லாம் நலம், குற்றம் விபி4, விபி7 பக்கம்தான். ஒளிராவிட்டால் இந்த வழிமுறை முழுவதையும் மூடி வைத்துவிட்டு உள்ளுறையைப் பாருங்கள். லிப்பிட் இல்லாமல் அதே துகளை விட்ட ஒரு கிணறு கட்டாயம் வேண்டும். அதுவும் ஒளிர்ந்தால் உரித்தது முழுமையாகவில்லை.

## அறிகுறி: ஒரு செல்லில் ஏறுகிறது, இன்னொன்றில் ஏறவில்லை

பெரும்பாலும் இது கோளாறு இல்லை, விபி8* எதைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்த இயல்பு. ஆர்ஆர்வி போன்ற சில விலங்கு ஸ்ட்ரெயின்கள் செல்லின் மேலுள்ள சியாலிக் அமிலத்தைப் பிடிக்கும். மனித ஸ்ட்ரெயின்களில் பல, ரத்த வகையைத் தீர்மானிக்கும் சர்க்கரைகளின் குடும்பத்தைப் பிடிக்கும். விபி4-ஐ வைத்துப் பிரிக்கும் பி வகைகளில் பி[14], ஏ ரத்த வகைச் சர்க்கரையைப் பிடிப்பது நன்கு அறியப்பட்டது.

மலிவான சோதனை: செல்லை, சியாலிக் அமிலத்தை வெட்டி நீக்கும் நியூராமினிடேஸ் நொதியால் நடத்தி, கழுவி, பிறகு வைரஸை விடுங்கள். தொற்று விழுந்தால் நுனியில் நிற்கும் சியாலிக் அமிலத்தைத்தான் உங்கள் வைரஸ் தேடுகிறது. விழவில்லை என்றால் அவசரப்பட்டு “சியாலிக் அமிலம் வேண்டாம்” என்று எழுதாதீர்கள். நியூராமினிடேஸ் எட்டாத, உள்ளடங்கிய சியாலிக் அமிலமும் இருக்கிறது. டபிள்யூஏ என்ற மனித ஸ்ட்ரெயின் பயன்படுத்தும் ஜிஎம்1 கேங்லியோசைடு அப்படிப்பட்டது.

எந்த விலங்கிலிருந்து வந்த வைரஸ் என்று பார்த்து ஊகிப்பதைவிட, அதன் பி வகையைப் பார்த்து ஊகிப்பது சரியாக வரும். பி வகை என்பது விபி4-ஐ வைத்துச் சொல்வது, ஜி வகை விபி7-ஐ வைத்துச் சொல்வது. ஸ்டாக் பெட்டியில் ஜி வகை மட்டும் எழுதியிருந்தால் செல்லைத் தேர்ந்தெடுக்க அது உதவாது.

விபி8*-ஐத் தாண்டியும் பிடிப்புகள் உண்டு. விபி5*, செல் மேற்பரப்புப் புரதமான இன்டெக்ரின் ஆல்பா2பீட்டா1-ஐப் பிடிக்கும், விபி7 வேறு இன்டெக்ரின்களைப் பிடிக்கும். செல்லில் இவை இருக்கின்றனவா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்க்கலாம். எல்லா ஸ்ட்ரெயினும் இன்டெக்ரினை நம்பியிருப்பதில்லை என்பதால் இந்தச் செலவைக் கடைசிக்கு வையுங்கள். எம்ஏ104-இல் வேலை செய்ய முடியும் என்றால் அதற்குத் திரும்புவதே சிக்கனம்.

## அறிகுறி: நோயாளியின் மாதிரியில் பாசிட்டிவ், செல்லில் வளரவே இல்லை

மாதிரி எப்போது எடுத்தது என்று முதலில் கேளுங்கள். நோய் தொடங்கிய முதல் சில நாட்களில் எடுத்ததுதான் வளரும். பின்னால் எடுத்த மலத்தில் பிசிஆர் பாசிட்டிவாகவே இருக்கும், ஆனால் குடலில் சுரக்கும் ஆன்டிபாடி விபி4, விபி7 மேல் படிந்திருக்கும், உறை இழந்த துகள்களும் அதிகமிருக்கும்.

அடுத்து, எதில் கரைத்தார்கள் என்று கேளுங்கள். கால்சியம் இல்லாத பஃபரில் கரைத்து, பலமுறை உருக்கிய மாதிரி என்றால் வேறு மாதிரி கேட்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாதிரி நல்லதென்றால் டிரிப்சினைக் கூட்டி, 20 மைக்ரோகிராம் வரை, செயலூட்டுங்கள். மனித ரோட்டாவைரஸை எம்ஏ104-இல் நேரடியாக வளர்க்க முடிந்ததே 1981-இல், டிரிப்சினையும் சுழலும் குழாய்களையும் சேர்த்துப் பயன்படுத்தியபோதுதான். இன்றும் அந்த முறை பலனளிக்கிறது. முதல் பாசேஜில் ஒன்றும் தெரியாவிட்டாலும் உறைய வைத்து உருக்கி, மறுபடி செயலூட்டி, அடுத்தடுத்த பாசேஜுக்குக் கொண்டு போங்கள். கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் வளர்ந்துகொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பல பாசேஜுக்குப் பிறகு திடீரென்று நன்றாக வளர்ந்தால் மகிழ்ச்சி அடையலாம், ஆனால் அது நோயாளியிடமிருந்து வந்த அதே வைரஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. செல்லுக்குப் பழகும்போது விபி4-இல் மாற்றங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வெளியுறையைப் பற்றித்தான் உங்கள் கேள்வி என்றால், மூல மாதிரியையும் பழகிய வைரஸையும் வரிசைப்படுத்தி ஒப்பிடாமல் எதையும் எழுதாதீர்கள். பக்கத்து இருக்கையில் எஸ்ஏ11 வளர்ப்பவர் இருந்தால் கலப்படம் இல்லை என்பதையும் அதே வரிசை சொல்லிவிடும்.

மலமாதிரி வேலை முழுக்க இரண்டாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு அறையில்தான் நடக்க வேண்டும். அந்த வசதி இல்லை என்றால் இந்தப் பகுதியைத் தொடங்கவே வேண்டாம், வசதியுள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி: மாற்றிய விபி4 போட்டால் வைரஸே பிறக்கவில்லை

2017-இல் பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) மட்டும் கொண்டு ரோட்டாவைரஸைப் பிறப்பிக்கும் முறை வந்த பிறகு இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. 11 பிளாஸ்மிட்டும் சரி, மாற்றமில்லாத வைரஸ் பிறக்கிறது, மாற்றியது மட்டும் வரவில்லை.

பிளாஸ்மிட்டின் அளவு, செல்லின் நலம், மேலே எம்ஏ104 சேர்த்தீர்களா, மீடியத்தில் டிரிப்சின் இருந்ததா ஆகியவற்றை மாற்றமில்லாத வைரஸே உறுதி செய்துவிடுகிறது. ஆகவே நேரடியாகக் கேட்க வேண்டியது: நீங்கள் செய்த மாற்றம் டிரிப்சின் வெட்டைக் கெடுத்ததா? கெடுத்திருந்தால் வைரஸ் செல்லுக்குள் உருவாகியிருக்கும், அடுத்த செல்லுக்குப் போயிருக்காது. பிளாஸ்மிட் ஏற்றிய செல்லையே விபி6 ஆன்டிபாடியால் பாருங்கள். விபி6 தெரிந்து, பரவல் இல்லை என்றால் சந்தேகம் முள் மேல் திரும்புகிறது.

வேறொரு ஸ்ட்ரெயினின் முழு விபி4-ஐ மாற்றி வைத்திருந்தால், அது இந்த வைரஸின் விபி7, விபி6 ஆகியவற்றோடு பொருந்தாமலும் போகலாம். முள் அந்த இரண்டுக்கும் இடையில் பதிந்து நிற்பது. விபி4-உம் விபி7-உம் ஒரே ஸ்ட்ரெயினிலிருந்து எடுத்து இரண்டையும் சேர்த்து மாற்றிப் பாருங்கள். அதற்கும் பிறக்கவில்லை என்றால் விபி8* பகுதியை மட்டும் மாற்றி, விபி5*-ஐ மூல வைரஸினதாகவே விடுங்கள்.

அதுவும் முடியாதபோது, வைரஸைப் பிறப்பிக்காமலே மாற்றத்தைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: ஈருறைத் துகளுக்கு வெளியிலிருந்து உறை போர்த்துவது. தனியே தயாரித்த விபி4-ஐ முதலில் சேர்க்க வேண்டும், விபி7-ஐயும் கால்சியத்தையும் அதன் பிறகு. விபி7 முள்ளின் அடியைப் பூட்டிவிடும் என்பதால் வரிசையை மாற்றினால் முள் ஏறாது. போர்த்திய துகளை மறக்காமல் டிரிப்சினால் செயலூட்டுங்கள். மாற்றமில்லாத விபி4 போர்த்திய துகள் தொற்றி, மாற்றியது தொற்றவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. இரண்டுமே தொற்றவில்லை என்றால் புரதத் தயாரிப்பில்தான் கோளாறு. அங்கே நேரத்தைச் செலவழிப்பதைவிட, பூச்சிச் செல்லில் விபி4, விபி7 தயாரித்துப் பழகிய கட்டமைப்பு உயிரியல் குழுவிடம் புரதத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.